புண் இல்லாத நெறி

1

மூன்று வாரமாகக் குழந்தைவேலுக்கு வலது தொடையிடுக்கு கனத்தது. வலி இல்லை. ஷிப்டு முடிந்து படியேறினால் நெல்லிக்காய் ஒன்றை உள்ளே வைத்துத் தைத்ததுபோல் இருந்தது. உடம்பு அசந்துபோனது, சோறு பாதியிலேயே கசந்தது.

இதை அவன் என்னிடம் சொன்னதிலிருந்துதான் இந்தக் கதை. ரெட்டிபாளையம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மைன்ஸில் நானும் அவனும் ஒரே செட். "எதையாவது எழுதிக்கிட்டே இருக்கியே, இத மட்டும் எழுதாத" என்றான். எழுதுகிறேன்.

[முதலில் 'விடியலின் ஒளியில் வெண்ணிறக் குன்றுகள்' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். அங்கே குன்று ஏது? குழிதான்.]

2

காலில் புண் வந்தால் தொடையிடுக்கு வீங்கும். நெறி கட்டியிருக்கு என்போம். புண் ஆறினால் நெறி கலையும். அதனால் யாரும் முதலில் கேட்பது: புண்ணு எங்க?

நெறி என்றால் வழி என்றும் பொருள். இரண்டும் ஒரே சொல்லாக இருப்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் பெரம்பலூர்க் கல்லூரியில் உயிரியல் நடத்தும் வெற்றிச்செல்வி, எனக்கு மகள் முறை, சொன்னதைக் கேட்டபின் அப்படி நினைக்க முடியவில்லை. அந்தக் கட்டிக்குள் நாரால் பின்னிய வலை இருக்கிறதாம். நோயோடு சண்டை போடும் அணுக்கள் கண்டபடி ஓடுவதில்லை, அந்த நாரை ஒட்டியே நடக்கின்றன. அணுக்களுக்கு வெளியே, நாரிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் புரதங்கள் படிந்திருக்கின்றன. லேமினின் என்று ஒன்று. அதில் ஒரு வகை வழி விடும், இன்னொரு வகை மறிக்கும்.*

"அந்த நாரு தடிச்சுப்போனா?"

"வழி கெட்டுடும். உள்ள வந்தது தேங்கி நிக்கும். யாருக்கு சித்தப்பா? மொதல்ல அதச் சொல்லுங்க."

கதைக்கு என்றேன்.

(*பெரும்பாலும் எலிகளில் பார்த்தது, மனிதனில் இன்னும் முழுசாகத் தெரியாது என்றும் சொன்னாள். இதை விட்டுவிட்டால் கதை சுத்தமாக இருக்கும்.)

3

குழந்தைவேலின் மனைவி சம்பூர்ணம் அவன் நடையைக் கவனித்துவிட்டாள்.

"நெறி கட்டியிருக்கா? புண்ணு எங்கங்க?"

"கல்லு கிழிச்சிடுச்சு."

"காட்டுங்க."

"குளிச்சிட்டு வந்து காட்டுறேன். சேப்டி ஆபீசரு மாதிரி கேக்குற."

"எங்க பெரியப்பாவுக்கு இப்படித்தான், புண்ணே இல்லாம கட்டுச்சு. ஆறு மாசம் தாங்கல."

அவன் குளிக்கப் போனான். வழியில் கிடந்த ஜல்லியில் கூர்மையானதாக ஒன்று எடுத்தான். வலது கணுக்காலுக்குக் கீழே இழுத்தான். முதல் இழுப்பில் தோல் வெளுத்தது. இரண்டாவதில் ரத்தம் வந்தது.

"தேய்ச்சுக் குளிச்சதுல தெறந்துக்கிச்சு" என்று காட்டினான்.

"இவ்வளவுதானா. நான் என்னமோன்னு இருந்தேன்" என்று அவள் மஞ்சள் அரைக்கப் போனாள்.

[இங்கே 'அன்பு' என்று எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். பயம்தான். அது அவளுக்கு வராமல் இருக்க, தனக்கு வந்ததை அவன் மறைத்தான்.]

4

அரியலூரில் டாக்டர் புண்ணைப் பார்த்தார். பார்த்ததும் மாத்திரை எழுதினார்.

"புண்ணு ஆறினா நெறி தானா கலைஞ்சிடும். ஆறியும் கலையலன்னா வாங்க, ஊசி வச்சு எடுத்துப் பாத்துடலாம்."

பக்கத்தில் சம்பூர்ணம் நின்றாள். குழந்தைவேல் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

எட்டாம் நாள் புண் ஆறத் தொடங்கியது. கட்டி அப்படியே இருந்தது. அவன் அதே இடத்தை மறுபடி கிழித்தான்.

முடிவு ஒன்று: அது காசநோய்க் கட்டி. ஆறு மாதம் மாத்திரை, பிழைத்துக்கொண்டான். முடிவு இரண்டு: அது [கை வரவில்லை]. உங்களுக்குத் தோன்றும் மூன்றாவதை நீங்களே எழுதிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் மாற்றக்கூடாது: டாக்டரைப் பார்த்து இன்றோடு நாற்பது நாள், அவன் இன்னும் அவரிடம் திரும்பிப் போகவில்லை.

5

நேற்று அரியலூர் பஸ் ஸ்டாண்டில் சம்பூர்ணம் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, என்ன போட்டாலும் அந்தப் புண்ணு ஆறவே மாட்டேங்குது. சக்கரையா இருக்குமோ? கால எடுக்கணும்னு சொல்லிடுவாங்களோ? அவருகிட்ட கேட்டா சிரிக்கிறாரு. ஒங்ககிட்ட எதாச்சும் சொன்னாரா?"

ஜெயங்கொண்டம் பஸ் வந்து நின்றது.

"ஒண்ணும் சொல்லலம்மா" என்று ஏறிக்கொண்டேன்.

சம்பூர்ணத்துக்கு நான் ஒரு வாக்கியம் பாக்கி: கட்டிதான் முதலில் வந்தது, புண்ணை உன் புருஷனே கிழித்துக்கொள்கிறான்.