காலுறையோடு உட்கார்ந்தவர்கள்

"இவங்க பூட்ஸெல்லாம் எங்க?" என்று துய்யாவிடம் கேட்டவர், எஃகுத் தகடு விற்க ஆஸ்திரியாவிலிருந்து வந்திருந்த எக்கர். தொழிற்சாலை நடைவழியில் மாட்டியிருந்த புகைப்படத்தின் முன்னால் அவர் நின்றிருந்தார். புதிய கவச வண்டிக்காக மரத்தால் செய்த முழு அளவு மாதிரிக்குள் எட்டுச் சிப்பாய்கள் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும் படம். தலைக்கவசம், துப்பாக்கி, முதுகுப்பை எல்லாம் இருந்தன. காலில் மட்டும் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை. ஒருவனுடைய கட்டைவிரல் ஓட்டை வழியே எட்டிப் பார்த்தது.

"வாசல்ல கழட்டி வச்சிருப்பாங்க. வேற எங்க வைப்பாங்க?" என்றாள் துய்யா.

எக்கர் விழுந்து விழுந்து சிரித்தார். "சண்டைக்குப் போறப்பவும் கழட்டி வச்சிட்டுத்தான் ஏறுவாங்களோ?"

அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அவரை வழியனுப்பிவிட்டுப் படியேறியவள் பாதியில் திரும்பி வந்து, அந்தப் படத்தை மறுபடி பார்த்தாள்.

அந்த இருக்கைகளை வரைந்தவள் அவள். கண்ணிவெடி வெடித்தால் வண்டியின் தரைத்தகடு ஒரு கணம் உள்ளே புடைக்கும். தகட்டில் பாதம் பட்டிருந்தால் குதிகால் எலும்பு நொறுங்கிவிடும். அதற்காகவே இருக்கைகளைத் தரையில் பொருத்தாமல் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தாள். பாதங்களுக்கும், குதிரைச் சேணத்தில் இருப்பதுபோல, எதிர் இருக்கையிலிருந்து தொங்கும் வளையங்களை வைத்திருந்தாள். எதிரெதிரே இருப்பவர்களின் கால்கள் சீப்புப் பற்கள்போல ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கும். அங்கே ஒரு விரல் இடம்கூட மிச்சம் இல்லை.

மாதிரி நின்ற கூடத்தில் கம்பளம் விரித்திருந்தது. கம்பளத்தைக் கண்டால் காலணியைக் கழற்ற வேண்டும் என்று அந்த நாட்டில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிப்பாய்கள் கழற்றினார்கள். அளவெடுக்கப் போன துய்யாவும் கழற்றினாள். வளையங்களுக்கு அவள் எடுத்த அளவெல்லாம் காலுறை போட்ட பாதங்களின் அளவு.

சோதனை ஓட்டுநர்களின் அறையிலிருந்து பனிக்காலத்தில் சிப்பாய்களும் போடும் கம்பளி பூட்ஸ் ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு அவள் கூடத்துக்கு ஓடினாள். மாட்டிக்கொண்டு உட்கார்ந்து வளையத்துக்குள் காலை நுழைத்தாள். நுழையவில்லை. பக்கவாட்டில் திருப்பினாள், அழுத்தினாள். கால் வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் நின்றது.

வண்டியின் தலைமை வடிவமைப்பாளர் ஓலவி காபியில் ரொட்டியை நனைத்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டார்.

"வளையத்தைப் பெருசாக்கு."

"பெருசாக்கினா பக்கத்துக் கால் இடிக்குது. இருக்கையைத் தள்ளிப் போடணும். ஒரு பக்கத்து நாலு இருக்கையும் தள்ளினா வண்டியே நீளணும்."

"அப்ப எட்டுப் பேர்ல ஒருத்தனை வீட்டுல விட்டுட்டு வரச் சொல்லு."

"ஓலவி, விளையாடாதீங்க."

"நான் எங்க விளையாடறேன்? நீளம் கூடினா எடை கூடும். தண்ணியிலயும் போக வேண்டிய வண்டி இது; எடை கூடினா ஏரியில மிதக்குமா, முழுகுமான்னு முதல்லேர்ந்து கணக்குப் போடணும். ஆறு வருஷம் துய்யா! நாளைக்கு ராணுவத்துலேர்ந்து மேஜர் வந்து கையெழுத்துப் போட்டா தகடு வெட்ட ஆரம்பிச்சிடலாம். வேணும்னா கோடையில மட்டும் சண்டை போடச் சொல்லுவோம்."

"வெட்டினப்புறம் நீட்ட முடியாதே."

"அதை அப்புறம் பாத்துக்கலாம். நாளைக்கு நீ வாயைத் திறக்காத, போதும்." கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார். துய்யாவுக்கு அதட்டலைவிட அது கஷ்டமாக இருந்தது. தினமும் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள் அவர்கள்.

மறுநாள் வியாழன். காலையிலேயே உணவுக்கூடத்திலிருந்து, வியாழன்தோறும் காய்ச்சும் பட்டாணிக் கஞ்சியின் வாசம் வந்தது. ஓலவியோடு வந்த மேஜர் ரவுத்தியோ, கூடத்து வாசலில் குனிந்து பூட்ஸ் கயிற்றைப் பிரிக்கத் தொடங்கினார்.

"கழட்டாதீங்க மேஜர்," என்றாள் துய்யா.

மேஜர் நிமிர்ந்தார். "என்னது?"

"பூட்ஸைக் கழட்டாதீங்க. அப்படியே உள்ள வாங்க."

"ஏம்மா, வெளிய ஒரே சேறு. கம்பளம் என்னத்துக்கு ஆகும்? எங்கம்மா கேள்விப்பட்டா செத்தே போயிடுவாங்க."

"பரவாயில்ல. வாங்க."

அவர் திருடனைப்போலக் கம்பளத்தின் ஓரமாகவே நடந்து வந்தார். மாதிரிக்குள் ஏறி உட்கார்ந்தார். தன் பூட்ஸுக்குப் பதிலாக, அவள் நீட்டிய கம்பளி பூட்ஸை மாட்டிக்கொண்டார். காலைத் தூக்கி வளையத்தில் வைக்கப் பார்த்தார். இரண்டு தடவை முயன்றார். பிறகு பாதத்தைத் தரையில் ஊன்றி, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தரை புடைத்தால் என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"சரி பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும். ஆனா வண்டி நீளும். மிதக்குமான்னு இப்ப எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சப்புறம் கூப்பிடுங்க." பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "நம்ம ஆளுங்க மட்டும்தான் சண்டை வண்டியில காலுறையோட உட்கார்ந்து பாத்திருப்பாங்க. நல்லவேளை, சௌனா நீராவிக் குளியலுக்குன்னு நினைச்சு மொத்தத்தையும் கழட்டாம விட்டாங்க."

மேஜர் தன் பூட்ஸை மாட்டிக்கொண்டு கஞ்சி குடிக்கப் போனார்.

கூடத்தில் துய்யாவும் ஓலவியும் மட்டும் மிஞ்சினார்கள். "ஓலவி, நான் சொல்லியே ஆகணும்னு..." என்று ஆரம்பித்தாள் துய்யா. அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. மேசைமேல் கையெழுத்துக்காக விரித்து வைத்திருந்த வண்டியின் வரைபடத்தை, ஓரம் மடங்காமல் மெதுவாகச் சுருட்டினார். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். இடதுபுறம் உணவுக்கூடம், நேரே கார் நிறுத்துமிடம், வலதுபுறம் வரைபடங்கள் வரையும் அறைக்குப் போகும் படிக்கட்டு. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு படியேறிப் போனார்.