கொழுந்தனின் லேப்டாப்

எங்கள் வீட்டில் சண்டை முற்ற முற்ற மரியாதையும் கூடும். அன்று காலை படகில் ஏறும்போதே கொழுந்தனுக்கும் எனக்கும் ஏகப்பட்ட மரியாதை.

எதிர்க்கரைக்குச் சரக்கு ஏற்றிப் போகும் படகு எங்களுடையது. என் கணவர் இடுப்பு ஒடிந்து படுத்ததிலிருந்து சுக்கான் என் கையில். திசைகாட்டி பார்த்து ஓட்ட எனக்குத்தான் தெரியும், கொழுந்தனுக்கு அது சுட்டுப்போட்டாலும் வராது. வழிகாட்டும் கருவி பழுதானதும், புதிது வாங்கக் கட்டுப்படியாகாது என்று ஒரு பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதில் இலவசமாக இறக்கிய கடல் வரைபடம், ஒயரில் சொருகிய கட்டைவிரல் அளவு ஜி.பி.எஸ். திரையில் எங்கள் படகு ஒரு சிவப்பு முக்கோணமாக நகரும். "இது ஒழுங்கா கொண்டுபோய் சேத்தா, இனிமே சுக்கான் எனக்கு" என்று அண்ணனிடம் கேட்டான். அவரும் தலையாட்டிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

துறையைத் தாண்டியதும் மூடுபனி. தண்ணீர் தெறிக்கக் கூடாதென்று அவன் லேப்டாப்பை என் திசைகாட்டியை ஒட்டி வைத்தான். நான் முள்ளைப் பார்த்து ஓட்டினேன்.

"அண்ணி, இடது பக்கம் ஒதுங்குறீங்க. அங்க பாறை இருக்கு."

"நேராத்தான் போறேன் தம்பி. வாயை மூடிக்கிட்டு உக்காருங்க."

"நீங்களே பாருங்க!" என்று லேப்டாப்பை வெடுக்கென்று எடுத்து என் மூஞ்சிக்கு நேரே நீட்டினான். படகு திரும்பவில்லை, ஆனால் திசைகாட்டி முள் திரும்பியது. இருவருமே பார்த்தோம். லேப்டாப்புக்குள் இருந்த காந்தம் அதுவரை முள்ளை இழுத்து வைத்திருக்கிறது. பனிக்குள் அலை உடைகிற சத்தம் கேட்டது. சுக்கானை ஒடித்துத் திருப்பினேன். அடியில் பாறை உரசியது, தப்பித்தோம்.

கரை சேர்ந்ததும் அவன் சரக்குக் கிடங்கின் இணையத்தில் லேப்டாப்பை இணைத்து, வந்த வழியைப் படமாக அண்ணனுக்கு அனுப்பினான். பிறகு போனில், "அண்ணி பாறையில ஏத்தப் பாத்தாங்க. லேப்டாப்தான் காப்பாத்துச்சு" என்றான். காந்தத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. போன் என் கைக்கு வந்தது.

"இனி நீ வீட்ல இரும்மா" என்றார் கணவர். நான் சொல்ல வந்ததைக் கேட்காமலே வைத்துவிட்டார்.

திரும்பும்போது சுக்கான் அவனிடம். நான் காலி மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தேன். பனி விலகவில்லை. பாதி வழியில் அவன் இன்ஜின் வேகத்தைக் குறைத்தான்.

"அண்ணி, வரைபடம் போயிடுச்சு."

எட்டிப் பார்த்தேன். நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. கிடங்கில் இணையம் கிடைத்ததும் லேப்டாப் தன் வேலையைத் தொடங்கியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு அள்ளிக்கொண்டு வந்தது.

"நீங்க வந்து பிடிங்க அண்ணி. எனக்கு முள்ளு பாக்கத் தெரியாது."

"முதல்ல உங்க அண்ணனுக்கு போன் போடுங்க தம்பி. காந்தத்தையும் சேத்துச் சொல்லுங்க."

"இப்பவா? பாறை பக்கத்துல இருக்கு!"

"இருக்கட்டும்."

அலை உடைகிற சத்தம் எனக்கும் கேட்டது. மூட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் எழுந்திருக்கவில்லை. அவன் என்னையே முறைத்துப் பார்த்தான். பிறகு போனை எடுத்தான்.