மாப்புக்குப் பூத்த சுவர்

எங்கள் அருங்காட்சியகத்தின் புது டிஜிட்டல் சுவர், எதிரே ஆள் அசைந்தால் பூப்பூக்கும் என்றார்கள். திறப்பு விழாவில் மேலாளர் கையை ஆட்டினார். விருந்தினர்கள் குதித்துக்கூடப் பார்த்தார்கள். சுவர் இருட்டாகவே கிடந்தது. அதை உருவாக்கிய ஓவியர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த அமளியில் யாரோ சுவருக்கு எதிரே பழச்சாற்றைக் கொட்டிவிட்டார்கள். மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"சட்டுனு தொடச்சிட்டு, யார் கண்ணுலயும் படாம போயிடும்மா."

பதினைந்து வருடமாகக் கேட்கிற பேச்சுதான். அன்றைக்கு என்னவோ சுருக்கென்றது. வந்த ஆத்திரத்தில் மாப்பை இடமும் வலமுமாக வீசித் துடைத்தேன்.

சுவர் முழுக்க மஞ்சள் பூக்கள் குபீரென்று பூத்தன!

ஓவியர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "மூணு மாசமா தினம் காலையில இங்க வச்சுத்தான் இதைப் பழக்கினேன். அப்போ ஹால்ல தொடச்சிக்கிட்டு இருந்தது இந்த அக்கா மட்டும்தான். மனுசங்கன்னா இப்படித்தான் அசைவாங்கன்னு கத்துக்கிட்டிருக்கு!"

கூட்டம் கைதட்டியது. விருந்தினர்கள் மாப்புக்காக என் முன்னால் வரிசையில் நின்றார்கள். முதல் ஆளாக மேலாளர் கையை நீட்டினார்.

"குடும்மா, எப்படிப் பிடிக்கணும்?"

"முதல்ல நல்லா குனியுங்க, சார்" என்றேன்.