இரண்டாந்தரம்

கால் ஆர்மோனியத்தை வாசலுக்கு நகர்த்தப் பக்கத்து வீட்டு முனிவேலும் இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துவிட்டார்கள். சவப்பெட்டி வைக்க இடம் வேண்டும்.

"அது அங்கியே இருக்கட்டும்," என்றாள் லூர்தம்மாள். "கட்டில எடுங்க."

கட்டில் இருந்த இடத்துக்குப் பெட்டி வந்தது. மத்திகிரி கால்நடைப் பண்ணைக் கம்பவுண்டராக இருந்த அவள் கணவர் சகாயநாதன் அதில் வெள்ளைச் சட்டையோடு கிடந்தார். விடியற்காலையில் மூச்சு நின்றிருந்தது. நான்கு மணிக்கு மாதா கோவிலில் பூசை.

அவர் தம்பி அருள்ஜோசப் கிருஷ்ணகிரியிலிருந்து மதிய பஸ்ஸில் வந்தான். அண்ணன் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பிறகு ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தான்.

"அண்ணி, அண்ணனோட சொனாட்டாவ ஒரு தரம் வாசிக்கட்டுங்களா?"

அவள் தலையசைத்தாள்.

இருநூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் யாரோ எழுதியது. சொல் இல்லாத, வாத்தியத்துக்கான இசை. இரண்டு பாகம், ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசிக்க வேண்டும். நாற்பத்தேழில் ஊர் திரும்பிய வெள்ளைக்கார மாட்டு டாக்டர், ஆர்மோனியத்தோடு அந்த இசைத்தாளையும் சகாயநாதனிடம் விட்டுப்போயிருந்தார்.

அருள்ஜோசப் ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து இழுத்து வாசித்தான். பெண்கள் மூக்கைச் சிந்தத் தொடங்கினார்கள்.

"நிறுத்து ஜோசப்பு. இது ஒப்பாரி இல்ல."

"சோக மெட்டுதானுங்க அண்ணி. தாளப் பாத்தாலே தெரியுது."

"தாளெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியாது. ஆறு மாசமா காத்து குடுத்தவ நானு."

மழைக்காலத்திலேயே சகாயநாதனுக்குக் கால்கள் வீங்கிவிட்டன. துருத்தியை மிதிக்க முடியவில்லை. அவர் வாசிக்க, அவள் தரையில் உட்கார்ந்து மிதிபலகைகளைக் கைகளால் மாற்றி மாற்றி அமுக்குவாள். வாசிச்சதையே எதுக்கு ரெண்டு தரம் என்று முதலில் அலுத்துக்கொண்டவள்தான்.

"மொத தரம் ஊருக்குச் சொல்றது, லூர்து. ரெண்டாந்தரம் தனக்குள்ள சொல்லிக்கிறது. காத்தக் கொற," என்பார் அவர். "மனசுல பாரம் இருக்கும். ஆனா பாட்டோட நட நிக்காது."

நாளாக ஆக, அவர் சொல்லாமலே அவள் கைகளுக்குத் தெரிந்துபோயிற்று.

லூர்தம்மாள் பெட்டியருகிலிருந்து எழுந்துவந்து தரையில் உட்கார்ந்தாள்.

"கால எடு. மறுபடி ஆரம்பி."

முதல் தரம் நிறையக் காற்றுக் கொடுத்தாள். வாசலில் நின்ற ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டாந்தரம் கையைத் தளர்த்தினாள். ஒலி நூலாக மெலிந்தது. அருள்ஜோசப்பால் இழுக்க முடியவில்லை. இழுத்தால் சுரம் செத்துவிடும். அவன் விரல்கள் நடக்கத் தொடங்கின. ஒருமுறை குனிந்து பார்த்தான். அண்ணியின் முகம் பெட்டிப் பக்கம் திரும்பியிருந்தது.

இரண்டாம் பாகம் முடியும் முன்னால் ஓரிடத்தில் சகாயநாதன் தயங்குவார். தாளில் அது இல்லை. அந்த இடம் வந்ததும் அவள் கைகளை எடுத்தாள். துருத்தியில் மிச்சமிருந்த காற்றும் தீர்ந்தது. அருள்ஜோசப் கட்டையை அழுத்தியபடி, ஒலி வராமல் காத்திருந்தான். அவர் தயங்குவதைவிடக் கொஞ்சம் அதிகநேரம் அவள் சும்மா இருந்தாள். பிறகு மெல்ல அமுக்கினாள்.

வாசித்து முடிந்தது. முனிவேல் வாசலிலிருந்து, "வண்டி வந்திருச்சுங்கம்மா," என்றான்.

அருள்ஜோசப் அவளைத் தூக்கிவிடக் கைநீட்டினான்.

"இரு," என்றாள். முந்தானை மிதிபலகைக்கு அடியில் மாட்டியிருந்தது. ஒரு கையால் பலகையைத் தூக்கிப் பிடித்து, கிழியாமல், கொஞ்சம் கொஞ்சமாக அதை உருவி எடுத்தாள்.