இடுப்புக்கு மேலே யாரும் இல்லை

கார் நின்ற இடத்திலேயே நின்றது. சாவி கணவரிடம். கணவரைத்தான் காணோம்.

மருந்துக்கடைக்காரி கடற்கரையில் இரண்டு தரம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிவிட்டாள். வாரமெல்லாம் பஸ் ஓட்டுகிற மனுஷன். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தையும் கெடுத்து, கேமரா ஸ்டாண்டைத் தூக்கிவர இழுத்து வந்திருந்தாள். வழியெல்லாம் வாய்ச்சண்டை. "நான் உனக்குப் புருஷனா, போர்ட்டரா?" என்று கேட்டுவிட்டு, ஸ்டாண்டை மணலில் ஊன்றிய கையோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர்தான்.

கோபத்தில் வீட்டுக்கே நடந்துவிட்டாரா? போனை எடுக்கவில்லை. கடல் பக்கம் போயிருந்தால்? காலையில் காய்ந்து கிடந்த பாறைகளைத் தண்ணீர் ஏறி மூடிக்கொண்டிருந்தது. மிச்சத்தைச் சற்று முன் இறங்கிய பனிமூட்டம் விழுங்கிவிட்டது.

எந்தப் பக்கம் போனார் என்று படமெடுக்க வந்த குழுவில் எல்லோரையும் கேட்டாள். தையல்காரர் இடது என்றார். அவர் மனைவி வலது என்றாள். உண்மையில் யாருமே பார்க்கவில்லை. ஏனென்றால், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

அது ஸ்டூடியோக்காரர் போட்ட சட்டம். பேட்டை மக்களுக்கு ஞாயிறுதோறும் இலவசமாகப் படமெடுக்கக் கற்றுத் தருகிறவர் அவர். அன்றைய பாடம், அலையைப் பஞ்சு மாதிரி எடுப்பது. லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி மாட்டி, கேமராவை ஒரு நிமிடம் திறந்து வைக்க வேண்டும். அதுவரை ஸ்டாண்டைத் தொடக்கூடாது. கண்ணை மூடி மனசுக்குள் எண்ண வேண்டும், கண் திறந்திருந்தால் புத்தி அலையோடு போய் எண்ணிக்கை தப்பிவிடும் என்பார். முடிந்ததும் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுத் திரையைப் பார்ப்பார்கள். மறுபடி கண்ணை மூடுவார்கள்.

படங்களில் தேடலாம் என்று எல்லாக் கேமராக்களையும் புரட்டினார்கள். கடல், பாறை, மேகம். மனித வாடையே இல்லை.

"அசையறது எதுவும் இதுல பதியாதும்மா. அசையாம நின்னாத்தான் விழும்," என்றார் ஸ்டூடியோக்காரர்.

"அப்ப நடந்து போனவரை இந்தப் படத்துல எதுக்கு சார் தேடறோம்?"

அவர் அவளுடைய கடைசிப் படத்தைப் பெரிதாக்கினார். அவள் ஒருத்திதான் கேமராவைக் கோடிப் பாறைகள் பக்கம் திருப்பியிருந்தாள்.

பாறை மேல் இரண்டு கால்கள் நின்றன. செருப்பு, முட்டி வரை மடித்த பேன்ட், பெல்ட். அதற்கு மேல் வெறும் கடல்.

அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அது அவர் பெல்ட்தான். போன மாதம் அவளே வாங்கித் தந்தது. தையல்காரர் கேமரா கோளாறு என்றார். அவர் மனைவி வேறேதோ முணுமுணுத்து, அவரிடம் முழங்கை இடி வாங்கினாள். ஸ்டூடியோக்காரருக்கே தலை சுற்றியது. நடந்தால் ஆளே அழிவான். நின்றால் முழு ஆளும் விழுவான். இதென்ன பாதிக் கணக்கு?

சட்டென்று அவர் முகம் வெளுத்தது. "கால் நிக்குது. உடம்பு ஆடுது. கையை ஆட்டிக் கூப்பிட்டிருக்கார்ம்மா."

கரையில் தூங்கிக்கொண்டிருந்த படகுக்காரரை எழுப்பி, படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பனிக்குள் துடுப்புச் சத்தம் மட்டும். கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத வழக்கத்தை விட்டு, அவள் பெயர் சொல்லியே கூப்பிட்டாள். கோடிப் பாறையைத் தண்ணீர் மூடியிருந்தது. அதன் மேல், இடுப்பு வரை தண்ணீருக்குள், இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஒருவர். படத்தில் காணாமல் போன பாதி அங்கே இருந்தது.

படகில் ஏற்றி, தையல்காரர் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினார். அவருக்குக் குளிரில் பல் கிட்டியிருந்தது.

"தண்ணி சுத்தி வளைச்சிருச்சு, அலைச் சத்தத்துல எவ்வளவு கத்தினேன் தெரியுமா?" என்றார் ஒருவழியாக. "நீ என் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிட்டு நிக்கறே. சரி, நம்ம கதை முடிஞ்சுது, எனக்காக வேண்டிக்கறாளாக்கும்னு நினைச்சேன்."

அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கேமராவை நீட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"மேல் பாதி எங்கே?"

"என்னைக் கூப்பிட்டுக்கிட்டிருந்தது."

கரையில் இறங்கியதும் பழக்க தோஷத்தில் அவர் கை ஸ்டாண்டுக்குப் போனது. அவள் முந்திக்கொண்டு அதை எடுத்துத் தோளில் போட்டாள்.