எடுத்து வைத்த ஊசி

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாவுக்கு ஒரு பழக்கம். தசையைத் தளர்த்தும் மருந்தை ஏற்றும்போதெல்லாம் நோயாளியின் காதோரம் குனிந்து, "கை கால் அசையாது, பயப்படாதீங்க. உங்க மூச்சுக்கு நான் பொறுப்பு," என்பார். ஆபரேஷன் முடிந்ததும் போடவேண்டிய, அந்தத் தளர்ச்சியை முறிக்கிற மருந்தையும் முன்கூட்டியே ஊசியில் எடுத்து வைத்துவிடுவார்.

அன்று வந்தவள் மூளைச்சாவு அடைந்த பெண். இதயத்தைத் தானம் கொடுக்கச் சம்மதித்த அப்பா, தியேட்டர் வாசலில் வழிமறித்தார்.

"காலைலகூட என் விரலைப் பிடிச்சாம்மா."

"அது தண்டுவடம் தானா செய்யறதுங்கய்யா. அவ இல்ல."

மேஜையில் கிடத்தித் தலையைச் சரிசெய்ததும் அந்தக் கை மெல்ல எழுந்தது. நர்ஸ் பதறிப் பின்வாங்கினாள். டாக்டரம்மா தளர்த்தும் மருந்தை ஏற்றினார். வாய் தானாக, "பயப்படாதேடி கண்ணு," என்றது. கை விழுந்தது.

எல்லாம் முடிந்து மூச்சு மெஷின் ஓய்ந்த பிறகுதான் தட்டைப் பார்த்தார். பழக்கதோஷம் பாழாய்ப் போக! முறிக்கிற மருந்து ஊசி நிறைய அப்படியே இருந்தது. எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வெளியே அப்பா எழுந்து நின்றார். "மறுபடி கையை அசைச்சாளாம்மா?"

பைக்குள் ஊசியை இறுகப் பிடித்துக்கொண்டு, "இல்லீங்கய்யா," என்றார் டாக்டரம்மா.