இருபத்தாறாவது சுற்று

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். காபி போட்டேன். இரண்டு முட்டை, ஒரு துண்டு ரொட்டி. தட்டைக் கழுவி வைத்தேன். பூனைக்குத் தண்ணீர் மாற்றினேன். பிறகு மேசையில் உட்கார்ந்து, லிண்டல் பந்தயத் தடத்தின் வரலாற்றை விட்ட இடத்திலிருந்து எழுதப் பார்த்தேன். வேலைக்குக் கிளம்பும்வரை ஒரு மணி நேரம். மூன்று வாரமாகக் காலை இப்படித்தான் போகிறது.

தானியக் கூட்டுறவில் மண் பரிசோதிப்பது என் வேலை. இந்த வரலாற்றை என் மனைவி டெஸ்ஸா தொடங்கினாள். அவள் போன ஆகஸ்டில் இறந்துபோனாள். முடிக்க வேறு ஆள் இல்லை. தடத்தில் கார்கள் ஓடத் தொடங்கி எழுபத்தைந்து வருடம் ஆகிறது. இந்த வருடக் கோடைச் சந்தைக்குள் புத்தகம் வந்தாக வேண்டும்.

முதலில் அது குதிரைகளுக்கான தடம். முட்டை வடிவில் அரை மைல் மண், நடுவில் சோளம். 1949-இல், போரிலிருந்து திரும்பிய நான்கு பேர் பழைய கார்களின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டினார்கள். வேலிக்குப் பதில் வைக்கோல் கட்டுகள். ஒரு கட்டு தீப்பிடித்தது. அடுத்த வாரம் இரண்டு மடங்கு கூட்டம். 1968-இல் ஓடைக்கரையிலிருந்து நானூறு லாரி கறுப்புக் களிமண் வந்தது. அன்றிலிருந்து தண்ணீர் தெளித்து, ஓட்டுநர்கள் எல்லோரும் மெதுவாகச் சுற்றி மண்ணை அமுக்கிய பிறகுதான் பந்தயம். 1993 வெள்ளத்தில் மூன்றாம் வளைவில் மீன் பிடித்தார்கள். இதெல்லாம் டெஸ்ஸா எழுதியது. எனக்கு மீதி இருந்தது ஒரே வரி. 2023 கோடைச் சந்தை, இறுதிப் பந்தயம், வென்றவர். அதற்குப் பக்கத்தில் காலியிடம்.

ஏழு மணிக்கு லோர்னா கதவைத் தட்டினாள். சந்தைக் குழுவின் செயலாளர். உள்ளே வந்து, கேட்காமலே காபி ஊற்றிக்கொண்டாள்.

“ஒரு பக்கம் எழுத ஒரு மாசமா? அச்சகத்துக்காரன் என் உயிரை எடுக்கறான்ப்பா.”

“ஒரு வரிதான் பாக்கி.”

“அதுல என்ன யோசனை? கோப்பை டுவெய்ன் வீட்டு டிவி மேல உக்காந்திருக்கு. அவன் பேரை எழுது.” காபியைக் குடித்து முகம் சுளித்தாள். “இது காபியா, களிமண் கரைசலா? சரி, கேளு. கடைசிப் பக்கம் முழுக்க டெஸ்ஸா படம் போடறோம். கீழே ஒரே வரி. ‘ஒன்பது வருடத்தில் ஒரு சுற்றைக்கூடத் தவறவிடாதவர்.’ நல்லாருக்கா?”

நன்றாக இருக்கிறது என்றேன். அவள் போனதும் டெஸ்ஸாவின் கடைசித் தாளை எடுத்தேன்.

எங்கள் தடத்தில் சுற்றுகளை எண்ணுவது மனிதர்கள்தான். எல்லைக்கோட்டுக்கு மேலே மரக்கூண்டில் இரண்டு பேர் உட்கார்வோம். கார்கள் கோட்டைத் தாண்டும் வரிசையில் ஒருவர் எண்களைச் சொல்ல வேண்டும், இன்னொருவர் எழுத வேண்டும். நான் சொல்வேன், டெஸ்ஸா எழுதுவாள். இறுதிப் பந்தயத்துக்கு இருபத்தைந்து சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் தாளில் ஒரு கட்டம். கட்டம் நிரம்பியதும் அவள் கொடிக்காரருக்கு வாக்கி டாக்கியில் எண்ணிக்கையைச் சொல்வாள். பலகையில் ஏறுவதும் அந்த எண்தான். வேறு யாரும் எண்ணுவதில்லை.

சொல்பவன் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. எழுதுபவள் தாளிலிருந்து எடுக்கக் கூடாது. ஒன்பது கோடைகள் அவள் முழங்கை என் மேல் பட, அவளைப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தேன். பென்சில் கீறும் சத்தம் மட்டும் கேட்கும். இப்போது எனக்கு அது வேண்டும். அவள் முகம்கூட வேண்டாம். அந்தச் சத்தமும் முழங்கையும் போதும்.

தாளில் பிழை எதுவும் தெரியவில்லை. இருபத்தைந்து கட்டங்களும் நிரம்பியிருந்தன. மணிக்கட்டு வியர்வை பட்ட இடத்தில் காகிதம் சற்றுச் சுருங்கியிருந்தது. இதை யார் பார்த்தாலும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அன்று ஓடியது இருபத்தாறு சுற்று. அது உயிரோடிருப்பவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

முப்பத்தொரு வருடம் ஓட்டியும் ரோலி கிப் கோடைச் சந்தைப் பந்தயத்தை வென்றதில்லை. அன்று ஆரம்பம் முதல் அவர்தான் முன்னால். பாரம் குறைய வேண்டும் என்று பெட்ரோலை அளந்துதான் ஊற்றுவார்கள். கடைசிச் சுற்றின் மூன்றாம் வளைவில் பெட்ரோல் தீர்ந்து அவர் கார் நின்றுவிட்டது. டுவெய்ன் தாண்டிப் போனான். அதற்குப் பிறகு ரோலி ஓட்டவில்லை. உணவகத்தில் அவர் காபி கேட்டால், “முழுசா ஊத்தட்டுமா ரோலி? பாதியில தீந்துடப் போகுது” என்பார்கள். நான் பக்கத்து மேசையில் தலைகுனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் கொட்டகைக்குப் போனேன். காரின் கண்ணாடியில் விற்பனைக்கு என்று அட்டை ஒட்டியிருந்தது.

“வாப்பா. கார் வேணுமா? டேங்கை மட்டும் தனியா குடுப்பேன். அதுக்குத்தான் ஊர்ல பேரு.”

“அன்னைக்கு எத்தனை ரவுண்டுக்கு ஊத்தினீங்க?”

“நீயுமா?” சிரித்தார். “இருபத்தஞ்சுக்குத்தான். அளந்தேன்னு நினைச்சேன். என் வீட்டுக்காரி இப்பவும் அளவு கோப்பையை என் மூஞ்சிக்கு நேரா காட்டி, ‘எங்க, படிச்சு சொல்லுங்க’ங்கறா.”

“சரியாத்தான் அளந்தீங்க. நீங்க ஓடினது இருபத்தாறு.”

துணியில் கையைத் துடைக்க ஆரம்பித்தார். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“யாரு சொன்னது?”

“டெஸ்ஸா. பந்தயம் முடிஞ்ச உடனே. அவளுக்கு முகமெல்லாம் வெளுத்திருந்துது. முதல்ல தண்ணி வாங்கிட்டு வந்துடலாம், அப்புறம் சொல்லிக்கலாம்னு இறங்கினேன். திரும்பி வந்தா மேசைல தலை சாஞ்சு கிடந்தா. மூச்சு இல்ல.”

“சரி. அது அன்னைக்கு.” துணியைக் கீழே போட்டார். “அப்புறம் பதினோரு மாசம் இருந்துதே.”

“ஆமா.”

“நீயும் அந்த உணவகத்துல உக்காந்திருந்தியே.”

“ஆமா.”

அவர் என்னைத் திட்டவில்லை. கார் கதவில் சாய்ந்து, அந்த அட்டையையே பார்த்தபடி நின்றார்.

“புத்தகத்துல உங்க பேருதான் வரும்” என்றேன். “டெஸ்ஸாவைப் பத்தி லோர்னா எழுதின வரி வராது.”

“அவ பேரு கெட்டுப்போகுமேப்பா.”

“அவதானே சொல்லச் சொன்னா.”

“என்ன சொன்னா? நீ எதையும் சேக்காதே. அவ சொன்னதை அப்படியே சொல்லு.”

சொன்னேன்.

“நடுவுல ஒரு ரவுண்டு எழுதாம விட்டுட்டேன் நோலன். ரோலிதான் ஜெயிச்சாரு. கோப்பையைத் தூக்கிக் குடுத்துடப் போறாங்க, ஓடிப்போய் சொல்லு.”